சீட்டின் முதுகு

ஜூலை 1, திங்கள்

இனி நடக்கப் போவது அத்தனையும் எனக்கு இன்றைக்கே தெரியும். பின்னால் எவனும் வந்து ‘தவசிலிங்கத்துக்கு என்ன தெரியும், எட்டாங்கிளாஸ்தானே’ என்று பேசக்கூடாது. அதனால் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். என் அக்கா மகள் ரேணுகா, கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு சீட்டு விளையாட்டு செய்திருக்கிறாள். பிள்ளைகள் அதில் கணக்கைப் பார்க்கப் போவதில்லை. சீட்டின் முதுகைப் பார்க்கப் போகிறார்கள். ரூபஸ்ரீ மாதிரிப் பிள்ளைகள் இருக்கிற ஊரில், முதுகு ஒரு நூல் பிசகினால் போதும். இதை ரேணுகாவிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவள் போனில் இருந்தாள். தலையை ஆட்டினாளே தவிர, காதில் வாங்கவில்லை.

நடக்கட்டும். நான் சொன்னது சொன்னதுதான்.

ஜூலை 2, செவ்வாய்

நேற்று ரேணுகா கொடுத்த டைரி இது. மூன்று வருஷத்துக்கு முந்தையது, விற்காமல் கிடந்தது. கிழமை ஒன்றும் பொருந்தவில்லை, அடித்து அடித்து எழுத வேண்டியிருக்கிறது. பழைய பசை வாடை வேறு. குமட்டுகிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு அப்படியே விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் முதல் பக்கம் சாமிக்கு. எழுத்தெல்லாம் இரண்டாம் பக்கத்திலிருந்துதான்.

“மாமா, பள்ளிக்கூடத்துல தினம் என்ன நடக்குன்னு எழுதணும். பிள்ளைக எங்க முழிக்கிறாக, எங்க சிரிக்கிறாக, எல்லாம். நடந்தத மட்டும். உங்க கைச்சரக்கச் சேக்கக்கூடாது.”

“எங்கிட்ட ஏது தாயி கைச்சரக்கு?”

“ஜப்பான்காரன்.”

இது வேண்டாத பேச்சு. ஜப்பான்காரர் ஒருவர் எங்கள் பிரஸ்ஸுக்கு வந்து, நான் பேப்பர் வெட்டுவதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார் என்பது சிவகாசி முழுக்கத் தெரிந்த விஷயம். என் வீட்டுக்காரி சரசு மட்டும், அவர் மிஷின் ரிப்பேருக்கு வந்த கோயமுத்தூர்க்காரர் என்பாள்.

விஷயம் இதுதான். ரேணுகா சென்னையில் ஆராய்ச்சி மாணவி. விளையாடினால் பிள்ளைகளுக்குப் பாடம் ஏறுமா என்பது ஆராய்ச்சி. இரண்டு வருஷமாக மண்டையை உடைத்து ‘முழுசு’ என்று ஒரு சீட்டு விளையாட்டு செய்திருக்கிறாள். சீட்டுகளில் அரை, கால், மூன்றில் ஒன்று என்று போட்டிருக்கும். எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்ப வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சரியாக ஒன்று வந்தால் ஜெயம். மிஞ்சிவிட்டால் எல்லாவற்றையும் திருப்பி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி அவளுடைய பேராசிரியர் அன்னபூரணி மேடம் நேரில் வருகிறார். பிள்ளைகளுக்குப் பின்னக்கணக்கு ஏறியிருந்தால் இந்த விளையாட்டு பத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும். இல்லையென்றால் ரேணுகா ஆராய்ச்சியை விட்டுவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒரு சீட்டுக்கட்டுக்கு இரண்டு வருஷம்! நான் நினைத்திருந்தால் இரண்டு நாள்.

ஜூலை 4, வியாழன்

அச்சடித்து வந்த ஷீட்டைப் பார்த்தேன். தூ. முகத்தில் பஞ்சுமிட்டாயை மென்று துப்பிய ரோஸ். முதுகில் கறுத்த நீலம், சுற்றிலும் வெள்ளைக் கரை. மையெல்லாம் மங்கல். ஓரம் எங்கேயும் கூர்மையில்லை. பிரஸ்ஸில் இப்போது மிஷின் ஓட்டுகிற அழகரிடம் கேட்டால், “அச்சு நல்லா கண்ணுல குத்துற மாதிரி இருக்கே அண்ணாச்சி” என்கிறான். இவன் கண்ணை என்ன சொல்வது!

கம்ப்யூட்டர் கட்டிங் மிஷினில் வெட்டித் தருகிறேன் என்றான். முப்பத்தெட்டு வருஷம் கத்தி பிடித்த கைக்குக் கம்ப்யூட்டரா? மூலையில் தூசி தின்று கிடந்த பழைய மிஷினைத் துடைத்து நானே இறங்கினேன். அரை எல்லாம் ஒரு ஷீட், கால் எல்லாம் ஒரு ஷீட், மூன்றில் ஒன்று ஒரு ஷீட். மூன்று கட்டையும் தனித்தனியாகத் தட்டி, அளவு வைத்து, பத்து செட்டும் ஒரே மூச்சில் வெட்டினேன். மேலே புதிதாக ஒரு விளக்கு மாட்டியிருக்கிறார்கள். அருவருப்பான விளக்கு. அதைச் சுற்றி எப்போதும் ஒரு வளையம் தெரிகிறது. அந்த வெளிச்சத்திலும் ஒரு மயிரிழை பிசகவில்லை.

ரேணுகா வந்தாள். கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“மாமா வெட்டுனா நான் பாக்க வேண்டியதே இல்ல” என்று பையில் போட்டுக்கொண்டாள்.

பின்னே? அந்த ஜப்பான்காரர்கள் இருவரும் இதையேதான் சொன்னார்கள்.

ஜூலை 8, திங்கள்

பள்ளிக்கூடம் ஆரம்பம். ஐந்தாம் வகுப்பு, முப்பத்திரண்டு பிள்ளைகள், எஸ்தர் டீச்சர். பிள்ளைகளா அவை? ஒரு கையில் மாங்காய் உப்பு, ஒரு கையில் முறுக்கு எண்ணெய், ஒரு கையில் மூக்கிலிருந்து எடுத்த சொந்தச் சரக்கு. அத்தனையும் என் சீட்டின் மேல். ஒருவன் சீட்டை நக்கிப் பார்த்தான். எதற்கு என்று கேட்டேன். “ரோஸா இருக்குல்ல” என்றான்.

விளையாடுவதற்கு முன்னால் ரேணுகா ஒரு எழுத்துத் தேர்வு வைத்தாள். அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்கிற மாதிரி இருபது கேள்வி. சராசரி ஆறு. விளையாடிப் பழகிய பிறகு இன்னொரு தேர்வு. மார்க் ஏறியிருந்தால் விளையாட்டு பலித்தது என்று அர்த்தம்.

பன்னிரண்டு மணிக்கு சத்துணவு வாடையும் கழிப்பறை வாடையும் ஒன்றாக வந்தது. எஸ்தர் டீச்சர் அதற்குள் உட்கார்ந்து நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிடுகிறார். நான் வீட்டுக்கு வந்து நான்கு தடவை கை கழுவினேன்.

ஜூலை 9, செவ்வாய்

ரூபஸ்ரீ என்று ஒரு பிள்ளையை இன்றுதான் பார்த்தேன். இரட்டைச் சடை. பேசும்போதே நகத்தைக் கடித்துத் துப்புகிறது, அதுவும் என் கால் பக்கமாக. என்னோடு நான்கு ஆட்டம் ஆடியது. மூன்றாவது ஆட்டத்தில் நான் விட்டுக்கொடுத்தேன். மற்ற மூன்றிலும்கூட விட்டுக்கொடுத்தேன்.

“எப்படிப் பிள்ள இவ்வளவு வேகமா எடுக்க?”

“எங்கம்மா சீட்டுக்கட்டு பிரஸ்ல கழிவு பாக்குது தாத்தா. கோணச் சீட்டு, கறை பட்ட சீட்டு எல்லாம் பொறுக்கிப் போடும். கழிவ வீட்டுக்குக் கொண்டாரும். எங்க கோணல்னு நான் சொல்லணும். அதான் எங்க வீட்ல விளையாட்டு.”

இதற்கும் நான் கேட்டதற்கும் என்ன சம்பந்தம்? தாத்தாவாம். எனக்கு அறுபத்தொன்று. பார்க்கிறவர்கள் ஐம்பது என்பார்கள்.

ஜூலை 11, வியாழன்

சாம்பாரில் பல்லி கிடந்தது. கத்தரிக்காய்க் காம்பு என்று சரசு அதை எடுத்துக் கடித்தே காட்டினாள். நான் சாப்பிடவில்லை.

ஜூலை 15, திங்கள்

பிள்ளைகள் பறக்கிறார்கள். போன வாரம் ஒரு ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் ஆனது. இன்றைக்கு ஒரு நிமிஷம். கையை நீட்டுகிறான், எடுக்கிறான், “முழுசு!” என்று எச்சில் தெறிக்கக் கத்துகிறான். முப்பத்திரண்டு வாயிலிருந்தும் எச்சில். குடை கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன்.

ரேணுகாவுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். “மாமா, இவ்வளவு வேகமா ஏறும்னு நான் கனவுலகூட நெனக்கல. மேடம் பாத்தா அசந்துருவாங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அப்போதுதான் கழுவிவிட்டு வந்திருந்தேன். பரவாயில்லை.

எல்லாம் வெட்டில் இருக்கிறது என்று சொன்னேன். சீட்டு சுத்தமாக இருந்தால் மூளை சுத்தமாக வேலை செய்யும். சிரித்தாள்.

ஜூலை 19, வெள்ளி

இரண்டாவது எழுத்துத் தேர்வு. சராசரி ஆறு.

முன்னே ஆறு, இப்போதும் ஆறு. ரேணுகா மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். விளையாட்டில் புலி, தாளில் பூனை. எங்கே தப்பு என்று தெரியாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, சரசு கொடுத்த காப்பியில் ஆடை படிகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி ஆடை மாதிரி ஒரு அசிங்கம் உலகத்தில் கிடையாது.

ஜூலை 22, திங்கள்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் நடந்ததை எழுதுகிறேன்.

ரூபஸ்ரீயின் தாளில் ஒரு கேள்வி. எந்தெந்தப் பின்னம் சேர்ந்தால் முழுசு வரும், ஒரு உதாரணம் எழுதுக. அது எழுதியிருந்தது: ‘ஒரு இடது, இரண்டு மேல்.’

ரேணுகா அதை வகுப்பிலேயே கூப்பிட்டுக் கேட்டாள். “இடதுன்னா என்னம்மா?”

“இடது தடிச்ச சீட்டு மிஸ்.” ரூபஸ்ரீ கவிழ்த்திருந்த சீட்டு ஒன்றைத் தொட்டது. “இந்த வெள்ளைக் கரை இடப்பக்கம் தடிச்சிருக்கா? இது அரை.” திருப்பியது. அரை. “இது மேல தடிச்சது. கால்.” திருப்பியது. கால். “கீழ தடிச்சா மூணுல ஒண்ணு. ரெண்டு இடது எடுத்தா முழுசு. நாலு மேல் எடுத்தா முழுசு. மூணு கீழ் எடுத்தா முழுசு.”

“இது உனக்கு மட்டும் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும் மிஸ்!” என்று முப்பத்திரண்டும் கத்தின.

“ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?”

“அதுதான் விளையாட்டுன்னு நெனச்சோம் மிஸ்.”

ரேணுகா ஒரு சீட்டை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். “மாமா, இது உங்களுக்குத் தெரியலயா?”

பார்த்தேன். நீலம் தெரிந்தது. சுற்றி வெள்ளை தெரிந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோயும் பார்த்தேன். நீலம், வெள்ளை.

“யாரு தாத்தா வெட்டுனது?” என்றான் சீட்டை நக்கிய அந்தப் பயல்.

“இப்படி வெட்டியிருந்தா எங்கம்மா மொத்தத்தையும் கழிவுல தூக்கிப் போட்ரும்” என்றது ரூபஸ்ரீ. கேலியாகக்கூடச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னது.

பேப்பர் ஈரம் இழுத்திருக்கும். ஆனி, ஆடியில் இப்படி ஆகும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“நான்தான் அன்னைக்கே சொன்னேனே தாயி” என்றேன்.

“எப்போ மாமா?”

“முத நாளே. பிள்ளைக முதுகப் பாக்கும்னு சொன்னேன். நீ போன்ல இருந்த.”

நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். “அன்னைக்கு மேடம்கிட்ட இருந்து போன் வந்துச்சு...” என்றாள். “சொல்லியிருப்பீக. எனக்குத்தான் மண்டையில ஏறல.”

எஸ்தர் டீச்சர் என்னைப் பார்த்தார். அந்த அம்மாளுக்கு எப்போதும் ஒரு பார்வை.

ஜூலை 24, புதன்

டைரியில் விட்டுப்போன சிலவற்றை எழுதிச் சரி செய்தேன். டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னேன், முதல் நாளே நான் கணித்துவிட்டேன் என்று. ஆச்சரியப்பட்டார்கள். டீயில் எறும்பு. கடைக்காரர் டீத்தூள் என்று சாதித்தார்.

ஜூலை 26, வெள்ளி

அழகர் கம்ப்யூட்டர் மிஷினில் புது செட் வெட்டிக் கொடுத்துவிட்டான். நாலு பக்கமும் கரை ஒரே மாதிரி என்கிறார்கள். என்னவோ. ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி, உயிரே இல்லை.

பிள்ளைகளுக்கு ஒரே வெறுப்பு. “இது போங்கு ஆட்டம் மிஸ், முதுகுல ஒண்ணுமே இல்ல” என்று சீட்டைத் தூக்கி எறிந்தார்கள். வேறு வழியில்லாமல் கடைசியில் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். ரூபஸ்ரீ அரைக்குக் கட்டைவிரலை மடக்கி, காலுக்குச் சுண்டுவிரலை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு கணக்குப் போட்டது. முதல் தடவையாக நகத்தைத் துப்பவில்லை. விழுங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் ரேணுகா வந்து டைரி முழுவதையும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். அறிக்கையில் சேர்ப்பாளாம். முதல் பக்கத்தை எடுக்கும்போது அவள் கை நின்றது. இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் எடுத்தாள்.

ஜூலை 29, திங்கள்

ரேணுகா தன் அறிக்கையில் ஒரு பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். ‘சீட்டின் பின்பக்கம் குறித்து ஜூலை 1 அன்றே எங்கள் கள உதவியாளர் திரு. தவசிலிங்கம் எச்சரித்தார். அதை நான் கவனிக்கத் தவறினேன். அதனால் பிள்ளைகளின் இரண்டு வாரம் வீணானது.’

திரு. போட்டிருந்தாள். கள உதவியாளர் என்று போட்டிருந்தாள். வாழ்க்கையில் என் பெயரை அச்சில் நான் பார்த்தது கல்யாணப் பத்திரிகையில்தான். அதிலும் லிங்கத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது.

பக்கத்தில் நின்ற எஸ்தர் டீச்சர், “இத எதுக்கும்மா எழுதுறீங்க? வெட்டு கோணிப்போச்சு, சரி பண்ணிட்டோம்னா முடிஞ்சது. எச்சரிச்சாங்க, நான் கேக்கலன்னு நீங்களே கொண்டுபோய்க் கழுத்த நீட்டுவீங்களா?” என்றார்.

“எழுதி வச்சிருக்காரே டீச்சர். தேதி போட்டு எழுதி வச்சிருக்காரு. அத நான் எப்படி மறைப்பேன்?”

டீச்சர் மறுபடியும் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூட வாசலில் ஒரு நாய் எதையோ தின்று கக்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மூன்றாவது தேர்வு. சராசரி பதினொன்று! ஒரே வாரத்தில் ஆறு பதினொன்றாகிவிட்டது. புது சீட்டில் விளையாட்டு பலிக்கிறது. ரேணுகா சிரித்தாள், ஆனால் சிரிப்பு கண் வரைக்கும் வரவில்லை.

“அந்தப் பக்கத்த மட்டும் எடுத்துரு தாயி. மார்க்தான் வந்துருச்சே” என்றேன்.

“எடுக்க முடியாது மாமா. உங்க டைரி ஆதாரம். ஆதாரத்துல வேண்டியத வச்சுக்கிட்டு வேண்டாதத எடுத்தா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல.”

“நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதா இருக்கட்டுமே.”

“சும்மா சொல்லல மாமா. நீங்க சொன்னபடியேதான நடந்துச்சு?” என்றாள். பிறகு மெதுவாக, “எனக்கு வெக்கமா இருக்கு மாமா. படிச்ச திமிருல நம்ம வீட்டு மனுஷன் பேச்சக் காதுல வாங்கல” என்றாள்.

ராத்திரி ரசம் கசந்தது. தட்டைத் தள்ளிவைத்தேன். சரசு பித்தம் என்கிறாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே டீ கொடுக்கிறார்கள். பத்து நிமிஷம் இடைவேளை. அதற்குள் முடிக்க வேண்டும்.

அன்னபூரணி மேடம் வந்தார். கறார் ஆள். ஆனால் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து ஆடினார். ரூபஸ்ரீயிடம் தோற்றார். மார்க்கைப் பார்த்து, “நல்லா வந்துருக்கு ரேணுகா” என்றார். பிறகு அறிக்கையில் அந்தப் பக்கத்தைப் படித்தார். திருப்பித் திருப்பிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“சீட்டு கோணினது தப்பே இல்ல. எந்த ஆராய்ச்சியிலும் ஏதாவது ஒண்ணு கோணும். ஆனா முதல் நாளே ஒருத்தர் எழுத்துல எச்சரிச்சிருக்கார். நீ கட்டைப் பிரிச்சுக்கூடப் பாக்காம பிள்ளைங்ககிட்ட கொடுத்திருக்க. அப்படிப்பட்டவங்க கையில பத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள நான் எந்த தைரியத்துல குடுக்கிறது? டீ சாப்பிட்டு வந்து பேசுவோம்.”

ரேணுகா வாதாடவில்லை. “சரி மேடம்” என்றாள். அந்தச் சரியை என்னால் கேட்க முடியவில்லை.

ஆகவே எழுதுகிறேன். இதையும் போட்டோ எடுத்து அறிக்கையில் சேர்க்கச் சொல்வேன்.

நான் யாரையும் எச்சரிக்கவில்லை. முதல் பக்கத்தில் இருப்பது ஜூலை 24 அன்று எழுதியது. சாமிக்கு விட்ட பக்கம் காலியாக இருந்தது, அதில் எழுதினேன். ஜூலை 1 அன்று ரேணுகா போனில் இருந்தபோது நான் அவளிடம் கேட்டது இரண்டே வார்த்தை: ‘காப்பி குடிக்கியா?’ அதற்குத்தான் அவள் தலையை ஆட்டினாள்.

நம்பாதவர்கள் முதல் பக்கத்தை எடுத்துப் பார்க்கலாம். அதில் ரூபஸ்ரீ பெயர் இருக்கிறது. அந்தப் பிள்ளையை நான் முதன்முதலில் பார்த்தது ஜூலை 9. அதையும் நான்தான் எழுதியிருக்கிறேன். இத்தனை படித்தவர்கள் இத்தனை தடவை புரட்டியும் ஒருவர் கண்ணிலும் இது படவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் அருவருப்பாகவே இருக்கிறது. எஸ்தர் டீச்சருக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

கட்டை அவள் பிரிக்காததற்குக் காரணம் அலட்சியம் இல்லை. மாமா வெட்டு என்பதால் பிரிக்கவில்லை. அதுவும் இந்த டைரியில் ஜூலை 4 அன்று இருக்கிறது, அது நடந்தது. வெட்டு கோணியது பேப்பர் ஈரத்தால், அதில் மாற்றம் இல்லை. திங்கள்கிழமை கண்ணாஸ்பத்திரிக்குப் போவது சரசுவின் தொல்லை தாங்காமல்.

உள்ளே டம்ளர் வைக்கிற சத்தம் கேட்கிறது. ரூபஸ்ரீ பக்கத்தில் நின்று நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறது. “என்ன தாத்தா எழுதுறீக?” என்கிறது. கழிவு பார்க்கிறேன் என்றேன்.

முதல் பக்கத்தை இப்போது ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்தே எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும்தான் நிஜம்.